கொள்ளி வைத்த கையும் கோர்ட்டுச் செலவும்

எனக்குக் கோர்ட்டுச் சொற்கள் நாலைந்து தெரியும். வாய்தா, எக்ஸ்பார்ட்டி, மனு, கவுன்டர், காஸ்ட். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இதையெல்லாம் யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதில் காஸ்ட் என்கிற சொல்தான் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. காஸ்ட் என்றால் செலவு. நாம் கோர்ட்டில் ஒரு தப்பு பண்ணிவிட்டு, மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டால், "உன்னால் எதிராளிக்கு வீண் அலைச்சல் ஆயிற்று, அதற்கு இவ்வளவு கொடு, கொடுத்தால் மன்னிக்கிறேன்" என்று ஜட்ஜ் உத்தரவு போடுவார். வெள்ளைக்காரன் தன் ஊரில் வைத்திருந்த முறையை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அவன் ஊரில் சாவு வீட்டில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று அவன் முறைக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் வீடு போயிற்று.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது. நெய்வேலிப் பக்கமிருந்து வெள்ளைக் களிமண் லாரியில் வந்து இறங்கும். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னச் சூளை இருந்தது. சொந்தம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அந்தச் சொல்லுக்காகத்தான் கேசே நடந்தது. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் கீற்றுக் கொட்டகை, அதற்கும் பின்னால் சூளை. ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் செய்தோம். என் வீட்டுக்காரர் களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுவார், சூளையில் அடுக்குவார், தீ போடுவார். நான் ஜாடிக்கு மெருகு பூசுவேன், பொம்மைக்குக் கண் எழுதுவேன்.

சரக்கை விற்பது மூத்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்தார். இடம் வாங்கியது அண்ணன் தம்பி இரண்டு பேர் உழைப்பிலும்தான். பத்திரம் மட்டும் மூத்தார் பேரில். அப்போது அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எப்போதும் முழங்கை வரை களிமண்ணோடு இருப்பார், ஆபீசுக்குப் போக வர அண்ணன்தான் தோது. "யார் பேருல இருந்தா இன்னா, அண்ணன்தானே" என்பார். அந்த "அண்ணன்தானே"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லியும் பார்த்தேன். "நீ சும்மா இருடி, உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று வாயை அடைத்துவிட்டார்.

மூத்தாரின் பெண்சாதியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அண்ணி. பேருக்குத்தான் அண்ணி. மாமியார் செத்துப்போன வீட்டுக்கு வாழ வந்து, அரைஞாண் கயிறோடு திரிந்த கொழுந்தனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பேன் எடுத்து, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவர் அவர். அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது, ஒரே ஒரு மகள். "எனக்கு எதுக்குத் தனியா ஒரு புள்ள? இதோ நிக்கிறானே தடிமாடு, இவனுக்கு மூக்கு தொடச்சே என் முந்தானை கிழிஞ்சி போச்சி" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த மகளைக் கட்டிக்கொண்டு பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். அதோடு எங்களுக்குச் சனி பிடித்தது. ஜாடியும் பொம்மையும் என்ன காசு, கரண்டு வேலைக்கு வேண்டிய பீங்கான் ஃப்யூஸ் செய்தால் மூட்டை மூட்டையாகப் போகும், அதற்கு இந்த இடம் வேண்டும் என்று மாமனார் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். மூத்தார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும், வாய்விட்டுத் திட்டியே ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் காது மெல்லியவர். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பேச்சு அவருக்கு வேதம்.

கோர்ட்டிலிருந்து ஆள் வந்து சம்மன் கொடுத்தான். இடம் மூத்தாருடையது, தம்பி அவர் தயவில் குடியிருக்கிறான், காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப் போச்சிடா. நீ வக்கீல் வையி. எவன் சொன்னாலும் வூட்ட வுட்டு எறங்காத" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். புருஷன் போட்ட கேசில் எதிராளிக்கு யோசனை சொன்ன பொம்பளையை நான் அவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் வைத்தோம். இரண்டு மூன்று வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனோம். அப்புறம்தான் அந்த முதல் தப்பு நடந்தது. சூளையைப் பற்றவைத்துவிட்டால் வேக்காடு முடியும் வரை அதை விட்டு நகர முடியாது. முந்திரிக் கட்டையைப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், சூடு இறங்கினால் உள்ளே அடுக்கிய அத்தனையும் விண்டுபோகும். நவராத்திரிக்கு முந்தின சூளை அது, பூராவும் கொலு பொம்மை. பாதி வேக்காட்டில் வாய்தா வந்து நின்றது. வக்கீல் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்று இவர் தீயை விட்டுப் போகவில்லை. வக்கீல் அன்றைக்குக் கடலூரில் வேறு கேசுக்குப் போயிருந்தார். கோர்ட்டில் எங்கள் பேரைக் கூப்பிட்டு, பதில் இல்லை என்றதும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, ஒரு பக்கம் ஆள் வராததால் வந்தவர் பக்கம் ஜெயம்.

வக்கீல் எங்களைப் பார்த்துக் கத்தினார். "உனக்குச் சூளை முக்கியமா, வீடு முக்கியமாய்யா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தத் தீர்ப்பை ரத்துப் பண்ணச் சொல்லி மனுப் போட்டோம். ஜட்ஜ் நல்ல மாதிரிதான். தீயை விட்டு வர முடியாது என்று சொன்னதை நம்பினார். ஆனால் எதிராளியும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்திருக்கிறார் அல்லவா, அதனால் காஸ்ட் கட்ட வேண்டும் என்றார். எதிராளி வக்கீல் கையில் இன்ன தேதிக்குள் செலவுப் பணத்தைக் கட்டினால் தீர்ப்பு ரத்து, கேஸ் முதலிலிருந்து நடக்கும். கட்டாவிட்டால் எங்கள் மனு தானாகவே தள்ளுபடி.

வெளியே வந்ததும் வக்கீல் விரலை ஆட்டிச் சொன்னார். "தானாகவேன்னு சொல்லியிருக்காரு, கவனிச்சீங்களா? அந்தத் தேதி தாண்டிட்டா நான் எழுந்திருச்சு ஒரு வார்த்தை பேசக்கூட எடம் கிடையாது. நேரா அந்த வக்கீல்கிட்டயே கட்டிட்டு ரசீது வாங்கிடுங்க."

என் காதுக் கம்மலை அடகு வைத்தேன். பணத்தைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். திங்கள்கிழமை போய்க் கட்டுவதென்று பேசிக்கொண்டோம். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. பணம் இல்லாமல் எங்கள் வீடு போகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. சேதி வந்தபோது என் வீட்டுக்காரர் அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். கேசாவது ஒன்றாவது, யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, அப்பாடா, இத்தோடு சனியன் ஒழிந்தது, இனி இந்தக் கேஸ் தானே படுத்துவிடும் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஓர் ஆசை வந்தது.

பாடை கட்டியாயிற்று. யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வந்தது. மகன் இல்லாவிட்டால் புருஷனே வைப்பார். மூத்தார் தலையை ஆட்டிவிட்டு என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வையிடா. அவளுக்கு நீதான்டா புள்ள."

"நீ இருக்கும்போது நான் வச்சா நாலு பேர் கேப்பாங்கண்ணே."

"கேக்கட்டும். அவ கேக்க மாட்டாடா. அவளுக்கு அதான் புடிக்கும்."

பந்தல் முழுக்கச் சனம். எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளையும் கேட்டார். என் வீட்டுக்காரர் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். சுடுகாட்டுக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. திரும்பி வந்தபோது மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு வந்தார். வளர்த்தவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்கிற மாதிரி ஓர் அமைதி அவர் முகத்தில் இருந்தது.

எங்களவர்களில் கொள்ளி வைத்தவருக்குக் கருமாதி வரைக்கும் கட்டுப்பாடு உண்டு. செருப்புப் போடக்கூடாது. பாயில் படுக்கக்கூடாது. மற்றவர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது. அவர் வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது, உள்ளேயும் வரக்கூடாது. உப்பு, மிளகாய்கூட அண்டை அயலார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், கணக்கைக் கருமாதிக்கு மறுநாள் பார்த்துக்கொள்வோம். மீறினால் செத்தவர்கள் போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். என் வீட்டுக்காரருக்கு முழு நம்பிக்கை. அதுவும் அண்ணி விஷயத்தில் ஒரு துளிகூடப் பிசகமாட்டார்.

கோர்ட்டு சொன்ன தேதி கருமாதிக்கு முன்னாலேயே வந்தது.

"இன்னாங்க, நீங்க போவ வேணாம். நான் போயிக் கட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நீ போனா மட்டும்? அதே வூட்டுக் காசுதானே?"

"அப்ப வக்கீலுக்காச்சும் சொல்லி வுடுவோம்."

"அடியே, அண்ணி நெஞ்சு இன்னும் ஆறியிருக்காதுடி. அதுக்குள்ள அவங்க வூட்டோட நடக்கற கேசுக்குப் பணத்தக் கட்டி ரசீது வாங்கச் சொல்றியா? கேசு எங்க போவுது? அண்ணன்தானே?"

மறுபடியும் "அண்ணன்தானே"! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவரிடம் பேசி ஆகாது என்று நேரே மூத்தாரிடம் போனேன். அவர் பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே மாப்பிள்ளை. பங்காளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு வெட்கம் கிட்கம் ஒன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"மாமா, நேரங்கெட்ட நேரத்துல கேக்கறேன்னு நெனைக்காதீங்க. கோர்ட்டுல காஸ்டு கட்டச் சொன்ன தேதி கருமாதிக்கு முன்னால வருது. உங்க தம்பி தீட்டுல காசத் தொட மாட்டேங்கறாரு. பணம் ரெடியா இருக்குது. நாங்க இன்னா பண்ணட்டும்?"

மூத்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"அவன் கொள்ளி வச்சவன்மா. அவன் எப்படித் தொடுவான்? கருமாதி முடியட்டும். நான் எங்க வக்கீலுக்குச் சொல்லி வுட்டுடறேன். செத்தவ மேல சத்தியமா சொல்றேன், நான் இதுல தேதி பாக்க மாட்டேன்."

செத்த பெண்சாதி மேல் சத்தியம் பண்ணிவிட்டார். அதற்கு மேல் என்ன கேட்பது? நானே நம்பிவிட்டேன். எதையும் நம்பாதவள் என்று பேர் எடுத்த நானே நம்பிவிட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையிலேயே பணத்தை எடுத்துக்கொண்டு எதிராளி வக்கீல் வீட்டுக்குப் போனோம். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பணத்தைத் தொடவே இல்லை. "தேதி போயிடுச்சேய்யா. கட்டலைன்னு கோர்ட்டுல சொல்லியாச்சு. உங்க மனு தள்ளுபடி ஆயிடுச்சு" என்றார். மூத்தார் சொல்லி அனுப்பினாரா என்று கேட்டோம். மருமகன் வந்தார், தேதி தாண்டினால் கட்டவில்லை என்று கோர்ட்டில் சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

எங்கள் வக்கீலிடம் ஓடினோம். நாங்கள் நேரே அந்த வக்கீலிடம் கட்டியிருப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். நடந்ததைச் சொன்னோம். "ஒரு வார்த்தை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தா என் கைக்காசைப் போட்டுக் கட்டியிருப்பேனேம்மா. அது உங்க வீட்டுக் காசு இல்லையே" என்றார். அட கடவுளே! அந்த யோசனை எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. சத்தியத்தை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

அங்கிருந்து மூத்தார் கடைக்குப் போனோம். அவர் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சண்டை போடவில்லை. "அண்ணே, வக்கீலுக்குச் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். "மாப்ள பாத்துக்கறேன்னாருடா. நான் துக்கத்துல இருந்தேன்" என்றார் மூத்தார். "இப்பவாச்சும் சொல்லுண்ணே." "சொல்றேன், சொல்றேன், நீ போ." துடைத்த ஜாடியையே மறுபடியும் துடைத்தார். அவர் சொல்லமாட்டார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

வக்கீல் இன்னொரு மனுப் போட்டார். காஸ்ட் கட்டுவதற்குக் காலத்தை நீட்டிக் கொடுக்கச் சொல்லி. கொள்ளி வைத்தவர் தீட்டு முடியும் வரை பணம் தொடக்கூடாது, அதனால்தான் கட்ட முடியவில்லை, பணம் கையில் தயாராக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வழக்கம் உண்டு என்று வேறு நாலு பேரும் எழுதிக் கொடுத்தால் பலமாக இருக்கும் என்றார் வக்கீல். பங்காளி வீடுகளுக்கெல்லாம் நடந்தேன். வழக்கம் உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். கையெழுத்து என்றதும் பின்வாங்கினார்கள். "எங்களுக்கு ரெண்டு வூடும் வேணும்மா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு ரெண்டு வாசலையும் மிதிக்கணும்" என்றார் பெரியவர் ஒருவர். பந்தலில் நான் மூத்தாரிடம் கேட்டபோது அதே பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டவர் அவர். நல்லா இருக்குது நியாயம்.

பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து பதில் மனு வந்தது. அதைத்தான் கவுன்டர் என்பார்கள். வக்கீல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வகையறாவில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. இது காலம் கடத்தக் கட்டிய கதை. இவர் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்து போனவர் மட்டுமே. கீழே மூத்தாரின் கையெழுத்து.

"துக்கம் விசாரிக்க வந்து போனவரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார் வக்கீல். "இன்னொரு வாட்டி படிங்க சார்." வக்கீல் படித்தார். இவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

மனு விசாரணைக்கு வந்த அன்றைக்கு நானும் போனேன். கோர்ட்டில் கூட்டம். என் வீட்டுக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார், முடி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. எதிரில் மூத்தாரும் மாப்பிள்ளையும். வக்கீல்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். திடீரென்று எங்கள் வக்கீல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "துண்டை எடுய்யா" என்றார். இவர் எடுத்தார். "கோர்ட்டார் இந்த மனுஷன் தலையைப் பார்க்கட்டும். துக்கம் விசாரிக்க வந்து போறவன் மொட்டை அடிப்பானா?" என்று தமிழிலேயே கேட்டார்.

எதிராளி வக்கீல் எழுந்து, "திருப்பதிக்கும் போயிருக்கலாமே" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலி சிரித்தான், ஜட்ஜுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. என் வீட்டுக்காரர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். அதைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று இருந்தது.

ஜட்ஜ் சிரிப்பை அடக்கிவிட்டு மூத்தாரைக் கூப்பிட்டார். "பெரியவரே, நீங்களே இருக்கீங்க. நேரா கேக்கறேன். உங்க மனைவிக்குக் கொள்ளி வச்சது யாரு?"

மூத்தார் எழுந்தார். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை பக்கத்தில் தொண்டையைக் கனைத்தார்.

"யாரோ வச்சாங்க சார்."

"யாரோன்னா?"

"சொந்தக்காரங்கள்ல யாரோ... நான் அழுதுகிட்டு இருந்தேன். கவனிக்கல சார்."

"அடப் பாவி மனுஷா!" என்று நான் கத்திவிட்டேன். டவாலி ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னான். போனேன். கதவுக்கு வெளியே நின்றும் எல்லாம் கேட்டது.

மனு தள்ளுபடி. வழக்கம் உண்மையாகவே இருந்தாலும், வக்கீல் மூலம் கட்டியிருக்கலாம், தேதிக்கு முன்னாலேயே வந்து கோர்ட்டில் சொல்லியிருக்கலாம், இரண்டும் செய்யவில்லை என்றார் ஜட்ஜ். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை என்று எங்கள் வக்கீலே பிறகு சொன்னார். இருக்கட்டும். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தள்ளுபடியோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இந்த மனுவை எதிர்த்ததில் மூத்தாருக்கு ஆன செலவையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பொய்யை எழுதினதற்கும் டைப் அடித்ததற்கும் ஆன செலவு எங்கள் தலையில்.

வக்கீல் அப்பீல் போடலாம் என்றார். கடலூரில் வேறு ஜட்ஜ், ஒருவேளை கேட்பார் என்றார். நான் தயாராக இருந்தேன். தாலிக்கொடியை விற்றாவது போடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேணாம் சார். அங்கயும் அத எடுத்துப் படிப்பாங்க. எங்க அண்ணிக்கு யாரோ கொள்ளி வச்சாங்கன்னு இன்னொரு வாட்டி என்னால நின்னு கேக்க முடியாது."

அந்தக் காரணத்துக்காக ஒருவர் வீட்டை விடுவாரா என்று நான் சண்டை போட்டேன். அழுதேன். இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. அவர் அசையவில்லை. ஒவ்வொரு சமயம் அவரை உலுக்க வேண்டும் போல இருக்கும். ஒவ்வொரு சமயம் அந்தக் கோர்ட்டு நடுவில் துண்டோடு நின்ற ஆள் கண்ணில் வந்து நிற்பார், சண்டையை அத்தோடு விட்டுவிடுவேன்.

வீட்டைக் காலி பண்ணவைக்கக் கோர்ட்டு அமீனா வந்த அன்றைக்கு நாங்கள் சாமானெல்லாம் வண்டியில் ஏற்றி முடித்திருந்தோம். கோர்ட்டு ஆள் தூக்கி வெளியே எறிவதைப் பார்க்க வேண்டாம் என்று நானே விடியற்காலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். அச்சுகளை எடுத்துக்கொண்டோம். சூளையை எப்படி எடுப்பது? அது அங்கேயே நின்றது. தெரு முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. மூத்தாரும் மாப்பிள்ளையும் இடத்தை வாங்கிக்கொள்ள வந்திருந்தார்கள். மூத்தார் அந்தக் கொஞ்ச நாளில் மிகவும் இளைத்துப் போயிருந்தார். சமைத்துப் போட ஆள் இல்லை. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது, வந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அமீனா சாவி கேட்டார். மாப்பிள்ளை கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அவரைத் தாண்டிப் போய் மூத்தார் கையில் சாவியை வைத்தார்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேண்ணே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணிக்கு யாரோ வச்சாங்க. சரி, அது முடிஞ்சி போச்சி. உனக்கும் புள்ள இல்ல. உனக்கு வைக்கறதுக்கும் யாரையாச்சும் இப்பவே பாத்து வச்சிக்க. நான் வர மாட்டேன்."

மூத்தார் அவர் கையை விடவில்லை. "டேய், அத மட்டும் சொல்லாதடா. வூட்ட வேணும்னா எடுத்துக்கடா. அத மட்டும் சொல்லாதடா" என்றார். மாப்பிள்ளை, "மாமா, அமீனா நிக்கறாரு, கையெழுத்துப் போடுங்க" என்றார். அமீனா காகிதத்தை நீட்டிக்கொண்டு, தனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

என் வீட்டுக்காரர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தார். மூத்தார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி தெரு முனை திரும்பும்போது பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்து அவரைத் தூக்கிவிடப் பார்த்தார், அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.